பச்சை பெட்ரோல்

மார்ச் 3, ஞாயிறு

நான் போய்ச் சேர்வதற்குள் பழைய இரும்புக்காரர் வண்டியைத் தூக்கித் தன் மினி லாரியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார். "இறக்குங்க" என்றேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பின்வாசல் படியில் மடங்காத இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போகட்டும் விடு. இருபத்தோரு வருஷமா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு."

"எனக்கு வேணும்ணா."

"உனக்கு எதுக்கு?"

"ஓட்டுறதுக்கு" என்று சொல்லிவைத்தேன். அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அப்பா வீட்டுப் பின்ஷெட்டைக் காலி செய்யும்போது ஏணி, உடைந்த கட்டில், காலி டப்பாக்களோடு இதையும் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி. மண் மேட்டிலிருந்து பறந்து இறங்குவதற்கென்றே செய்தது. லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. இப்போது எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "யானையைக் கொண்டு வந்துட்டே. கட்டித் தீனி போடப்போறது யாரு?" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

ரப்பரெல்லாம் பிஸ்கட் மாதிரி உடைகிறது. டேங்க்குக்குள் துரு. கார்புரேட்டரில் ஏதோ பூச்சி கூடு கட்டிக் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. கிக்கர் மேல் ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

"அன்னிக்கு என்னதான் ஆச்சு?" என்று இவர் கேட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. அவரிடம் சொன்னதை இங்கும் எழுதிவைக்கிறேன்.

அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு, எனக்குப் பத்தொன்பது. அவன் ஓட்டுவான், நான் ஸ்பேனர் பிடிப்பேன். அந்த வருடம் ஒரு பெரிய டீம் அவன்மேல் கண் வைத்திருந்தது. கடைசிப் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நாலாவது சுற்றில், பெரிய மேட்டிலிருந்து பறந்தபோது, அந்தரத்திலேயே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் வண்டி தரையில் இறங்கினால் என்ன ஆகும்? முட்டி மூன்று துண்டு. மண்டையில் அடி. அந்தக் காலைப்பொழுது மொத்தமும் அவன் நினைவிலிருந்து அழிந்துபோனது. இன்றுவரை திரும்பவில்லை.

இந்த மாதிரி எஞ்சினில் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், லிட்டருக்கு ஐம்பது மில்லி. மறந்துபோய் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் பெட்ரோலுக்குப் பந்தயக்காரர்கள் வைத்த பெயர் பச்சை பெட்ரோல். கற்றுக்குட்டிகூடச் செய்யக் கூசும் தப்பு அது. அந்த டீமின் மெக்கானிக் வந்து கிக்கரை மிதித்துப் பார்த்தார். டேங்க்கில் இருந்ததெல்லாம் மண்ணில் கொட்டிப்போயிருந்தது. மூடியை மோந்து பார்த்தார். "பச்சை பெட்ரோல்! எண்ணெயே ஊத்தல!" என்று கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். அவ்வளவுதான். டீம் போனது. அந்தப் பெயர் அண்ணனுக்கு ஒட்டிக்கொண்டது. எஞ்சினை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எண்ணெய் கலப்பது அவன் வேலை. கலந்தானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. வேறு யாருக்கும் தெரியாது.

மார்ச் 16, சனி

ஃபேக்டரியில் இன்று அரை நாள்தான். எண்பது தையல் மிஷின்களுக்கு நான் ஒருத்தி மெக்கானிக். மதியத்துக்கு மேல் கை என்னுடையதே இல்லை போலிருந்தது. இருந்தாலும் வந்ததும் எஞ்சினில் உட்கார்ந்தேன். ஐந்து நாளாக டீசலில் ஊறிய சிலிண்டர், மரக்கட்டை வைத்துத் தட்டத் தட்ட ஒருவழியாக மேலே வந்தது.

வந்திருக்க வேண்டாம்.

சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடாக ஒரு பள்ளம். பிஸ்டனைத் தாங்கும் 'பின்' என்கிற எஃகு உருளை ஒரு பக்கமாக நகர்ந்து சுவரைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த உருளை நகராமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு எஃகு வளையம் இருக்க வேண்டும், மோதிரத்தைவிடச் சிறியது, கிளிப் என்போம். ஒரு பக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம் இல்லை. அதன் உடைந்த துண்டு ஒன்று பிஸ்டன் ஓரத்தில் பதிந்து கிடக்கிறது.

அடியில் விரலை விட்டேன். எண்ணெய். இத்தனை வருடம் கழித்தும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிற எண்ணெய்.

எண்ணெய் இருந்திருக்கிறது. காய்ந்து பிடிக்கவில்லை. கிளிப் கழன்று பிடித்திருக்கிறது.

அந்தக் கிளிப்பைப் போட்டவள் நான்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் புது பிஸ்டன் போட்டேன். கிளிப்பை ஒரு முறை கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். இரண்டாவது புதுக் கிளிப் குறட்டிலிருந்து நழுவி 'டிங்' என்று எங்கேயோ பறந்தது. அரை மணி நேரம் தேடினேன். கடை அடைத்துவிட்டார்கள். பழைய கிளிப்பை எடுத்துக் குறட்டால் லேசாக விரித்து, அதையே போட்டுவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்த மாதிரித்தான் தெரிந்தது. அண்ணன் வந்து "முடிஞ்சுதா?" என்றான். "முடிஞ்சுது" என்றேன்.

மார்ச் 18, திங்கள்

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஆறின புண்ணை எதுக்குக் கிளறணும்? காலு திரும்பி வரப்போகுதா?"

"பேரு திரும்பி வருமே."

"வந்தா உன் பேரு போயிடும். ரெண்டையும் யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பழைய பிஸ்டனைத் தலையணை உறையில் சுற்றி, டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். நல்ல யோசனை!

மார்ச் 23, சனி

அண்ணன் வந்தான். தானாக வந்தான். வாசலில் நின்று, "இந்தப் பக்கமா வந்தேன்" என்றான். அவன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. இந்தப் பக்கம் அவனுக்கு எந்த வேலையும் இல்லை.

வண்டியை விட்டு நாலடி தள்ளியே நின்றான். "திறந்தியா?"

"ம். பிடிச்சுப் போயிருக்கு."

"எதிர்பார்த்ததுதானே." கையை நீட்டி, "பிஸ்டனைக் காட்டு" என்றான்.

"தூக்கிப் போட்டுட்டேனே."

பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது எனக்கு. பெட்டி அவன் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. போகும்போது கார்புரேட்டரை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான். "இதை நான் பார்க்கறேன். இதெல்லாம் பொடி வேலை, உனக்குப் பொறுமை பத்தாது."

மார்ச் 30, சனி

லேத் பட்டறைக்குச் சிலிண்டரைக் கொண்டுபோனேன். உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். லேத்காரர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எண்ணெய் இல்லாமப் பிடிச்சதுன்னா சொன்னீங்க? அப்படிப் பிடிச்சா சுத்திலும் தேய்ஞ்சிருக்கும்மா. இது கிளிப்பு கழண்டு கீறின கோடு. எந்தப் புண்ணியவான் மாட்டினான்?"

"தெரியலைங்க."

பள்ளம் ஆழம், கடைந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்குமாம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 6, சனி

அண்ணன் கார்புரேட்டரைக் கொண்டு வந்தான். இது அதுதானா என்று கேட்கும்படி பளபளவென்று இருந்தது. லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்திருக்கிறான். ஸ்போக்குகளை முறுக்கிக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னான்:

"மே இருபத்தாறு. பழைய வண்டிங்களுக்குன்னு தனியா ஒரு ரேஸ் வைக்கிறாங்களாம். அதே மைதானம்."

"தெரியும். நான் பேரு குடுக்கலாம்னு..."

"நான் ஓட்டறேனே."

ஸ்பேனர் கையிலிருந்து விழுந்துவிட்டது. "காலு?"

"இந்த வண்டிக்கு கியர் வலது பக்கம். கிக்கரை நீ மிதிச்சுக் குடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

இருபத்தோரு வருடமாக அவன் சைக்கிளில்கூட ஏறியதில்லை. இப்போது முகத்தில் ஒரு களை. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். அவன் போனதும் டூல்ஸ் பெட்டியை இன்னும் உள்ளே தள்ளிவைத்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

மிஷின் லைனில் நிற்கும்போது அண்ணன் போன். "சிலிண்டர் ரெடியாமே. சாயங்காலம் நானே வாங்கிட்டு வந்துடறேன்."

"வேணாம்ணா, நான் போறேன்."

"கடையிலிருந்து பத்து நிமிஷம்தான்."

லேத்காரருக்கு வாய் நீளம். சிலிண்டரில் அந்தப் பள்ளத்தின் தடம் வேறு இருக்கும். சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பும்போது தெருமுனையில் அவன் எதிரே வருவதைப் பார்த்தேன், காலை இழுத்து இழுத்து. "நான்தான் வர்றேன்னு சொன்னேனே, உனக்கு என்ன அவசரம்?" என்றான். சிலிண்டரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போற வழிதானே" என்றேன். அது வழியே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

உள்சுவரில் தடம் இருக்கிறது. மெல்லிய நிழல் மாதிரி. தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. அவன் தெரிந்தவன். அவன் வருவதற்குள் எல்லாவற்றையும் பூட்டி மூடிவிட்டேன். கிளிப் இரண்டும் புதிது. மூன்று முறை பார்த்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எஞ்சின் பேசியது!

ஒன்பதாவது மிதியில். அறை முழுக்க நீலப் புகை. இவர் ஜன்னல்களைத் திறந்துகொண்டே என்னை வைதார், வைதுகொண்டே சிரித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகை என்றான்.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். பெட்ரோலில் எண்ணெய் கலக்க உட்கார்ந்தான். அளவுக் குவளையை நாலு முறை கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். ஊற்றினான். மூடினான். திறந்து மோந்து பார்த்தான். விரலில் தொட்டு உரசிப் பார்த்தான். கடையில் அரை மயிரிழை தப்பாமல் லென்ஸ் வெட்டுகிற கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நடுக்கம் நின்றுவிடும். சொன்னேனா?

ஏப்ரல் 28, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஊருக்கு வெளியே காலி நிலத்தில் முதல் பயிற்சி. அண்ணன் ஐந்து லிட்டர் கலந்து முடித்தான். கேனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மொத்தத்தையும் மண்ணில் கொட்டினான்.

"என்னண்ணா பண்றே?"

"ஊத்துனேனான்னு சந்தேகமா இருக்கு. மறுபடி கலந்துடறேன்."

"இப்பதானே ஊத்துனே. நான் பார்த்தேன்!"

நான் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து, தலையணை உறையை அவிழ்த்து, பிஸ்டனை அவன் கையில் வைத்தேன். கிளிப் பறந்தது, பழையதை விரித்துப் போட்டது, பள்ளம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைந்த துண்டு பதிந்திருந்த இடத்தை நகத்தால் தடவினான். திட்டுவான் என்று நின்றேன். அவன் பெருமூச்சு விட்டான்.

"உனக்குப் பத்தொன்பது வயசு. விடிஞ்சா ரேஸு, கடை இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்." லேசாகச் சிரித்தான்கூட. "இதையா இத்தனை நாளா மறைச்சு வச்சிருந்தே? பைத்தியம்."

அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை.

"அப்போ எண்ணெய்... நான் ஊத்துனேனா?"

"ஊத்துனே."

"அடியில எண்ணெய் இருந்துச்சுன்னு சொல்றியா?"

"இல்லண்ணா. ஊத்துனே. புனலைப் பிடிச்சது நான்தான்."

பிஸ்டனைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ஆஸ்பத்திரியில அப்பா உன்கிட்ட கேட்டாரு" என்றான் மெதுவாக. "நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்கல. 'அவன் எண்ணெய் ஊத்துனதை நீ பார்த்தியா'ன்னு கேட்டாரு. நீ என்ன சொன்னே?"

"கவனிக்கலன்னு சொன்னேன்."

"கவனிக்கல."

அவ்வளவுதான் பேசினான். பிஸ்டனைப் பையில் போட்டுக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, மெயின் ரோடு வரை அந்த வெயிலில் நடந்தே போனான். பின்னாலேயே ஓடி, "அண்ணா, வண்டியில வா" என்று கெஞ்சினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

இந்த நோட்டில் மார்ச் பத்தாம் தேதி 'வேறு யாருக்கும் தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். யாருக்கு எழுதினேன் அந்தப் பொய்யை? இதை யார் படிக்கப்போகிறார்கள்?

எனக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும். காலை ஆறரை மணி, சிவப்புப் புனல், அவன் ஊற்ற ஊற்ற நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் என் கட்டைவிரலில் வழிந்தது. அவன் சட்டையிலேயே துடைத்தேன். அவன் என் மண்டையில் ஒரு தட்டு தட்டினான்.

அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்னே?

பார்த்தேன் என்று சொன்னால், பிறகு ஏன் பிடித்தது என்று எஞ்சினைத் திறப்பார்கள். திறந்தால் கிளிப் தெரியும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, 'நேற்று ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார்களே என்று பயம். அப்படியே இருபத்தோரு வருடம். அப்பா கடைசிவரை அவனைப் பார்த்து, "ஒரு சொட்டு எண்ணெய்க்கு வாழ்க்கையைத் தொலைச்சியேடா" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அப்போதும் நான் பக்கத்தில்தான் நின்றேன், டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு.

மே 4, சனி

போன் எடுக்கவில்லை.

மே 8, புதன்

அண்ணி பேசினார். "சாப்பிடறாரு, கடைக்குப் போறாரு. அந்த இரும்பை மேஜை மேல வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்காரு. உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறாரு. என்னடி நடந்துச்சு உங்களுக்குள்ள?"

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி, "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தப்ப அவரு எங்கிட்ட முதல்ல சொன்னதே அதைத்தான். 'நான் ஒரு கவனமில்லாதவன், யோசிச்சு முடிவு பண்ணிக்கோ'ன்னு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இன்று மூன்று மிஷின்களில் ஊசியை உடைத்தேன். என்னிடம் பேசவே எல்லோரும் பயப்படுகிறார்கள்.

மே 12, ஞாயிறு

இவர் கேட்டார்: "அவர் வரலன்னா நீ ஓட்டுவியா?"

மாட்டேன். பழைய இரும்புக்காரருக்கே போகட்டும். அவன் ஏறாத வண்டியில் நான் ஏற மாட்டேன்.

மே 18, சனி

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினான். வழிவிட்டு நின்றேன். கையில் அந்தப் பூதக்கண்ணாடி.

"எஞ்சினைத் திறக்கணும்."

"ஏன்ணா? நல்லாத்தானே..."

"உள்ள இருக்கிற கிளிப்பை நான் பார்க்கணும்."

நியாயம்தான். திறந்தேன். இரண்டு மணி நேரம் ஸ்பேனர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. கேட்டதை எடுத்துக் கொடுத்தான், கேட்காததைப் பேசவில்லை. கழன்று வந்த சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருந்த நிழலைக் கண்டுபிடித்து, கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். கிளிப்புகள் சரியாகத்தான் இருந்தன. "கழட்டு. என் கண் முன்னாடி புதுசு மாட்டு" என்றான்.

எஞ்சின் வாயில் துணியைத் திணித்துவிட்டு மாட்டினேன். முதல் பக்கம் உட்கார்ந்தது. இரண்டாவது பக்கம், குறடு வியர்வையில் வழுக்கியது.

டிங்.

அதே சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளிப் பாக்கெட்டில் இன்னும் மூன்று இருந்தது, கையை நீட்டினேன். அவன் அந்தப் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"முதல்ல அதைத் தேடு."

தேடினோம். அவனுக்குக் குனிய முடியாது. அதனால் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து அலமாரிக்கு அடியில் பார்த்தான். நான் துடைப்பத்தால் கூட்டிச் சலித்தேன். வாளியைக் கவிழ்த்தேன். நாற்பது நிமிடம். டீயோடு வந்த இவர், தரையில் கிடந்த அண்ணனையும் என்னையும் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, அண்ணனுடைய பேன்ட் மடிப்புக்குள்ளிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்தார். "இதையா தேடறீங்க?"

அண்ணன் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். சிரிப்பா, வேறு எதுவுமா, தெரியவில்லை. கிளிப்பை வாங்கிப் பூதக்கண்ணாடி வைக்கும் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

"கீழ விழுந்தது வேணாம். புதுசு போடு. ஆனா விழுந்தது எங்கன்னு தெரியணும்."

புதிதைப் போட்டேன். கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பார்த்தான். தலையை ஆட்டினான். கிளம்பும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டே, "ரேஸ் அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டியோட நில்லு" என்றான்.

என்னை மன்னிக்கவில்லை. ஆனால் வருகிறான்.

மே 26, ஞாயிறு

கை வலிக்கிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பதினான்கு வண்டிகள். ஓட்டுகிறவர்களுக்குத் தொப்பை, தலைக்கவசத்துக்குள் நரை. வேனில் முன்னால் அண்ணன் உட்கார்ந்தான், பின்னால் வண்டியோடு நான். வண்டியை இறக்கி நிறுத்தியதுமே அவர் வந்துவிட்டார், அந்த டீம் மெக்கானிக். தலை வெளுத்திருக்கிறது, குரல் அதே குரல். கையில் டீ, கூட நாலு பேர்.

"அடடே, யாரு இது! பச்சை பெட்ரோலா! இன்னிக்காவது எண்ணெய் ஊத்துனியாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பழகிய சிரிப்புதான். அண்ணனும் சிரித்தான். எத்தனையோ வருடமாக நான் பார்த்துப் பழகிய அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே குனிந்து பூட்ஸ் வாரைப் பூட்டத் தொடங்கினான். அந்தப் பிஸ்டன் அவன் பையில் இருந்தது. எனக்குத் தெரியும். அவன் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"எங்க அண்ணன் அன்னிக்கும் ஊத்துனாரு."

எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தினால் அப்புறம் வராது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். "புனலைப் பிடிச்சது நான். கிளிப்பு பறந்துபோச்சுன்னு பழசைப் போட்டதும் நான். அது கழண்டுதான் எஞ்சின் பிடிச்சுது. எங்க அப்பா கேட்டப்ப கவனிக்கலன்னு பொய் சொன்னதும் நான். அவரு எதையும் மறக்கல. எஞ்சினைத் திறந்து பார்க்காமலே நீங்க பேரு வச்சுட்டீங்க, நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் டீயை வாய்க்குக் கொண்டுபோய், குடிக்காமல் இறக்கினார். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. ஒரு வாரைப் பூட்டி முடித்தான். அடுத்ததைப் பூட்டினான். எழுந்தான். கேனை எடுத்தான்.

"நேரமாச்சு" என்றான். "புனலைப் பிடி."

பிடித்தேன். அவன் எண்ணெயை அளந்தான், ஒரே ஒரு முறை. ஊற்றினான். குலுக்கினான். டேங்க்கில் விட்டு மூடியைத் திருகினான். மோந்து பார்க்கவில்லை. கை நடுங்கவில்லை. மூன்றாவது மிதியில் எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்தேன்.

ஆறு சுற்று. நான் வேலியோரம் பெரிய மேட்டுக்கு நேராக நின்றேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது சுற்றில் அந்த எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை. வண்டி மேட்டை விட்டு எழும்பியது. அந்தரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிக்கொண்டே இறங்கியது. மண்ணைக் கிழித்துக்கொண்டு போய்விட்டான். வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் என் உள்ளங்கை கிழிந்திருக்கிறது. அதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பதினான்கில் பதினோராவது. தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் முழுக்க மண், அதில் இரண்டு கோடு. அவன் முதலில் சொன்னது: "மூணாவது கியர் நழுவுது."

மெக்கானிக் தள்ளி நின்று அவனைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெகுநேரம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரலுக்குப் பிறகு அண்ணன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பேர் இல்லை, ஏய் இல்லை, ஒன்றும் இல்லை. இன்றும் அப்படியே வீட்டில் இறக்கிவிட்டுப் போனான்.

ஜூன் 2, ஞாயிறு

கியர் பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது கியர் பல் தேய்ந்திருக்கிறது. அண்ணன் வந்தான், பார்த்தான், அந்தப் பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனான். மொத்தம் பத்து வார்த்தை இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

பயிற்சிக்குப் போனோம். அந்தப் பதினான்கு பேரில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் இறங்கியதுமே ஒருவர், "வாங்க கிளிப்பு!" என்றார். அதற்குள் எனக்கும் பேர் வைத்துவிட்டார்கள். இன்னொருவர், "கிளிப்பு வந்தாச்சு, எல்லாரும் அவங்கவங்க எஞ்சினைப் பூட்டி வச்சுக்கங்க" என்றார். சுருக்கென்றது. வாங்கிக்கொண்டேன். என்னுடையதுதானே அது, யாரிடம் போய் முறையிடுவது? அண்ணனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா வைத்த பெயர்.

நான் ஒதுங்கிப்போய் வேனின் நிழலில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் இரண்டு சுற்றுப் போய்விட்டு வந்து, எஞ்சினை நிறுத்தாமலே, அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினான்:

"ஏய் கிளிப்பு! சைலன்சர் ஆடுது பாரு!"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான், குனியாமல்.

போய்ப் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. ஸ்பேனர் எடுத்து முறுக்கிக் கொடுத்தேன்.